மலையில் பனி அதிகமாம், ஃபிரேசர் ஆற்றோரம் வீடு வாங்கலாமா?

வெடர்கரை – ஏப்ரல் 20

எல்லாருக்கும் வணக்கம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சில்லிவாக்கில் வாடகைக்கு இருக்கிறோம். சொந்தமாக வாங்கலாம் என்று தேடியதில் ஒரு வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது. ஃபிரேசர் ஆற்றின் தடுப்புக்கரைக்கு உள்பக்கம், சமதரை, கீழே பேஸ்மென்ட். "1948-க்கு அப்புறம் இங்கே தண்ணீரே வந்ததில்லை" என்கிறார் தரகர். செய்தியில் என்னவென்றால், மலையில் இந்த முறை பனி இயல்பைவிட அதிகம், மே, ஜூனில் வெள்ள வாய்ப்பு கூடுதல் என்கிறார்கள்.

2021 நவம்பரில் வந்தது மழை வெள்ளம், அது எனக்குப் புரிகிறது. மழையே இல்லாமல், வெயில் அடிக்கும்போது எப்படி வெள்ளம் வரும்? அம்மா ஊரிலிருந்து எங்களோடு இருக்க வரப்போகிறார். முழங்கால் வலி, அவசரம் என்றால் வேகமாக நடக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு யோசனை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆற்றளவி – ஏப்ரல் 20

சில்லிவாக்கில் நின்று பார்த்தால் இந்த ஆற்றின் போக்கு பிடிபடாது. ராக்கி மலையில், ராப்சன் சிகரத்துக்குப் பக்கத்தில் பிறக்கிறது. முதலில் வடமேற்கே போய், பிரின்ஸ் ஜார்ஜில் தெற்கே திரும்பி, லிட்டனில் தாம்சன் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, ஒடுங்கின பள்ளத்தாக்கு வழியாக ஹோப் வந்து, அங்கே மேற்கே திரும்பி உங்கள் ஊருக்கு வருகிறது. 1,375 கி.மீ. நீளம். இதற்கு நீர் தரும் நிலம் 2,20,000 சதுர கி.மீ.க்கு மேல், அதாவது மாகாணத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்த நிலத்தில் விழுவதில் பெரும்பகுதி பனிதான். விழுந்தது ஓடாமல் மலைமேலேயே தங்கிவிடுகிறது. அதனால் குளிர்காலத்தில் ஹோப்பில் விநாடிக்கு 1,000 கனமீட்டருக்கும் குறைவாக ஓடும் ஆறு, ஜூன் வாக்கில் 8,000-ஐத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் சொல்கிற அந்த வெயில்தான் வெள்ளத்தைக் கொண்டுவருகிறது. சில்லிவாக்கில் மேகமே இல்லாத ஒரு வாரத்தில் ஆறு நிறுத்தாமல் ஏறிக்கொண்டே போகும்.

ஆனால் "பனி அதிகம்" என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஏப்ரலில் மேலே எவ்வளவு நீர் நிற்கிறது என்பது ஒரு கணக்கு. அது எத்தனை வாரத்தில் கீழே இறங்கும் என்பது இன்னொரு கணக்கு. கரையை உடைப்பது இரண்டாவது கணக்குதான்.


சறேக்காரன் – ஏப்ரல் 20

தம்பி, நான் இங்கே வந்து கன வருசம். ஒவ்வொரு ஏப்ரலும் இதே கதைதான். 2007இல் மலையெல்லாம் பனி, பெரிய வெள்ளம் வரப்போகுது என்று மண்மூட்டை அடுக்கினார்கள், அவசரம் அவசரமாகக் கரைகளை உயர்த்தினார்கள். எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கேல்லை. இப்பிடிப் பயப்படுத்திப் பயப்படுத்தியே சனம் நல்ல வீடுகளை விட்டுவிடுது. விலை சரியென்றால் வாங்குங்கோ.


ஆற்றளவி – ஏப்ரல் 21

அண்ணா, 2007 பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான். நான் சொல்ல வந்ததற்கும் அதுவே நல்ல சாட்சி. அந்த வருடம் பனி மிக அதிகம். ஆனால் ஒரேயடியாகக் கொட்டாமல் விட்டுவிட்டு உருகியதால் கீழ் ஃபிரேசர் தப்பியது. (அதே ஜூனில் வடக்கே ஸ்கீனா ஆற்றோரம் டெரஸ் பக்கமும், அதன் கிளையான பல்க்லி ஆற்றோரம் ஸ்மிதர்ஸ் பக்கமும் வெள்ளம் புகுந்தது. அங்கே யாரும் "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்ல மாட்டார்கள்.)

இப்போது 1948-ஐப் பாருங்கள். பனி இயல்பைவிடக் கூடுதல்தான், ஆனால் அதுமட்டும் அந்த வெள்ளத்துக்குப் போதாது. வசந்தம் குளிராகவே போனது. ஏப்ரலில் உருகியிருக்க வேண்டிய தாழ்மலைப் பனி மே நடுவிலும் அப்படியே கிடந்தது. அப்புறம் மே கடைசியில் திடீர் வெப்பம், கூடவே மழை.

சாதாரண வருடத்தில் பனி வரிசையாக உருகும். ஏப்ரலில் தாழ்ந்த சரிவுகள், மே மாதம் நடுமலை, ஜூனில் உச்சி. ஒன்றின் நீர் வடிந்து கடலுக்குப் போன பிறகே அடுத்தது இறங்கும். 1948இல் அந்த வரிசை குலைந்தது. மூன்று உயரத்துப் பனியும் ஒரே வாரங்களில் இறங்கியது. மே 31 அன்று ஹோப்பில் விநாடிக்கு 15,200 கனமீட்டர். அகாசிஸ், சில்லிவாக், நிக்கோமன் தீவு, மாட்ஸ்கி என்று கரைகள் அடுத்தடுத்து உடைந்தன. 16,000 பேர் வெளியேறினார்கள். 2,300 வீடுகள் சேதமடைந்தன அல்லது அழிந்தன, 10 பேர் இறந்தார்கள். கீழ்ப் பள்ளத்தாக்கின் வெள்ளச் சமவெளியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குள். கண்டத்தைக் குறுக்கே கடக்கும் இரண்டு ரயில் பாதைகளும் நெடுஞ்சாலையும் துண்டிக்கப்பட்டு, வான்கூவருக்குத் தரைவழியே இல்லாமல் போனது.

ஆகவே தரகர் "1948-க்கு அப்புறம் இல்லை" என்று சொன்னால், "1948இல் இந்த மனையில் எத்தனை அடி நின்றது?" என்று திருப்பிக் கேளுங்கள். நகராட்சியிடம் அந்த வரைபடம் இருக்கும்.


காவிரிக்கரையான் – ஏப்ரல் 21

ஐயா, திருச்சியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். கனமீட்டர் எனக்கு ஓடவில்லை, கனஅடியில் சொன்னால் புரியும். இன்னொரு சந்தேகம். இவ்வளவு பெரிய ஆற்றில் அணை கட்டி, வெள்ளத்தைப் பிடித்துவைத்து, மெதுவாகத் திறந்துவிட்டால் தீர்ந்ததே?


ஆற்றளவி – ஏப்ரல் 21

ஒரு கனமீட்டர் என்பது 35.3 கனஅடி. அப்படியானால் 1948இல் ஹோப்பில் ஓடியது கிட்டத்தட்ட 5 லட்சத்து 37 ஆயிரம் கனஅடி. அதற்கும் முன்னால் 1894இல் வந்தது இன்னும் பெரிது, ஏறக்குறைய 17,000 கனமீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள், அதாவது 6 லட்சம் கனஅடி. அன்று பள்ளத்தாக்கில் ஆள் குறைவு என்பதால் சேதக் கணக்கு சிறிது. காவிரியில் பெருவெள்ளம் ஒரு சில நாளில் வடிந்துவிடும். இங்கே ஆறு வாரக்கணக்கில் உயரத்திலேயே நிற்கும். அந்த வித்தியாசம் முக்கியம், பிறகு எழுதுகிறேன்.

ஃபிரேசரின் முதன்மை ஓடையில் ஒரு அணைகூட இல்லை. மோரன் என்ற இடத்தில் பெரிய அணை கட்டும் திட்டம் நெடுநாள் பேசப்பட்டு, 1970-களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. காரணம் சால்மன் மீன். கடலிலிருந்து ஏறிவந்து மலை ஓடைகளில் முட்டையிடும் மீன்களுக்கு வழி அடைபட்டிருக்கும். உலகத்தின் பெரிய சால்மன் ஆறுகளில் இது ஒன்று, இந்த மண்ணின் முதல்குடிகளுக்கு அது வெறும் உணவு மட்டுமில்லை. கைவிட்டது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். கிளையாறான நெச்சாக்கோவில் மட்டும் 1952இல் கென்னி அணை வந்தது, அதுவும் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுக்க.

அணை கட்டின பக்கத்து ஆறு கொலம்பியா. அந்தக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

1948இல் அதே பனி, அதே வெப்பம் கொலம்பியா ஆற்றையும் நிரப்பியது. ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லேண்டுக்கு வடக்கே வான்போர்ட் என்று ஒரு ஊர். போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தொழிலாளருக்காக ஆற்றுச் சமவெளியில் அவசரமாகக் கட்டியது. 1948இல் சுமார் 18,500 பேர் இருந்தார்கள், அவர்களில் மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர், நகரத்தில் வேறு எங்கும் அவர்களுக்கு எளிதில் வீடு கிடைக்காது. ஊரைச் சுற்றி நின்றது கரை, அதில் ஒரு பக்கம் ரயில் பாதைக்குக் கொட்டிய மண்மேடு. மே 30 காலை வீட்டுவசதி நிர்வாகம் வீடுவீடாகத் துண்டுச்சீட்டு போட்டது: கரைகள் இப்போதைக்குப் பத்திரமாக உள்ளன, தேவைப்பட்டால் எச்சரிப்போம், வெளியேற நேரம் இருக்கும், பதற வேண்டாம். அன்று மாலை அந்த ரயில் மேடு உடைந்தது. ஊரே போயிற்று, குறைந்தது 15 பேர் இறந்தார்கள். வான்போர்ட் மறுபடி கட்டப்படவே இல்லை.

"இப்போதைக்குப் பத்திரம்" என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு இந்தச் சீட்டுதான் நினைவுக்கு வரும். அன்று அந்தச் சீட்டை நம்பி மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் கனடாவும் அமெரிக்காவும் 1961இல் கொலம்பியா ஆற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. டங்கன், கீன்லிசைடு, மைக்கா என்று மூன்று அணைகள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்தன. கீழே வெள்ளம் குறைந்தது உண்மை. மேலே ஏரோ ஏரியோரம் ஊர்கள் மூழ்கியதும் உண்மை.


நெடுஞ்சாலை97 – ஏப்ரல் 22

நான் டிரக் ஓட்டுகிறேன், கேச் கிரீக்கிலிருந்து பிரின்ஸ் ஜார்ஜ் வரை அடிக்கடி போவேன். படித்த கணக்கு எனக்குத் தெரியாது, கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

மே மாதத்தில் சாலையோரச் சிற்றோடைகளைக் காலையில் பாருங்கள். தெளிவாக, கல் தெரியும்படி ஓடும். அதே ஓடையை மாலையில் பார்த்தால் பால் ஊற்றிய டீ நிறத்தில், மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு, கல்வெர்ட்டின் மேல்விளிம்பைத் தொட்டு ஓடும். பகல் வெயிலில் உருகியது கீழே வந்து சேர அவ்வளவு நேரம். இரவு குளிர்ந்தால் காலையில் மறுபடி இறங்கிவிடும்.

இரவிலும் குளிராமல் இருந்தால்தான் பிரச்சினை. காலையிலும் கலங்கலாகவே ஓடுகிறது என்றால், பழைய ஓட்டுநர்கள் "இன்னும் ரெண்டு நாளில் எங்கேயாவது ரோடு போகும்" என்பார்கள். பெரும்பாலும் எங்கேயாவது போகவும் செய்யும்.

இன்னொன்று. காட்டுத்தீயில் எரிந்த மலைகள். பச்சை மரம் இருக்கும் சரிவில் பனி இருக்கும்போதே எதிர்ச்சரிவில், கருகின குச்சிகளுக்கு நடுவே, தரை தெரிந்துவிடும்.


ஆற்றளவி – ஏப்ரல் 22

தம்பி, நீங்கள் பார்த்தது அப்படியே சரி. எரிந்த காட்டில் நிழல் இல்லை, பனிமேல் கரி விழுந்து வெயிலை உறிஞ்சுகிறது, அதனால் சீக்கிரம் உருகும். பைன் வண்டு கொன்ற காடுகளிலும் இதே கதை. 1990-களின் கடைசியிலிருந்து மாகாணத்தின் உட்பகுதியில் கோடிக்கணக்கான பைன் மரங்கள் செத்தன. இலை இல்லாத காட்டில் பனி அதிகம் தரையில் சேரும், வேகமாகவும் போகும்.

இரவுக் குளிர் விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன். பனி 0 டிகிரிக்கு வந்தவுடன் நீர் கீழே ஓடிவிடாது. முதலில் மேலிருந்து கீழ்வரை முழு அடுக்கும் 0 டிகிரிக்கு வர வேண்டும். பிறகு துகள்களுக்கு நடுவே நீர் ஊறி நிறைய வேண்டும். அந்தப் பக்குவம் வரும்வரை மேலே உருகுவது உள்ளேயே உறைந்து தங்கிவிடும். பக்குவமான பிறகு விழும் வெயில் அத்தனையும் ஓடையில் தெரியும். இரவு உறைந்தால் மறுநாள் காலை வெயிலில் ஒரு பங்கு அந்த உறைவைக் கரைக்கவே செலவாகும். இரவு உறையாவிட்டால் அந்தக் கழிவும் இல்லை.

தோராயக் கணக்கு ஒன்று உண்டு. நாளின் சராசரி வெப்பம் 0-க்கு மேலே போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு நாளில் 3 முதல் 5 மி.மீ. நீர் உருகும். மலையில் சராசரி 10 டிகிரி ஐந்து நாள் நின்றால் 150 முதல் 250 மி.மீ. வரை. எங்கும் கனமழை அடித்தது மாதிரிதான், ஒரு மேகமும் இல்லாமல். 2021 ஜூன் கடைசியில் லிட்டனில் 49.6 டிகிரி வெயில் அடித்தபோது, பெம்பர்டன் பக்கம் லில்லூயட் ஆற்றில் வெள்ள எச்சரிக்கை கொடுத்தார்கள். மழை இல்லை, உச்சிப் பனியும் பனியாறுகளும் உருகியே.


சறேக்காரன் – ஏப்ரல் 23

அப்ப மழை வந்தால் இன்னும் மோசம்தானே? மழைத்தண்ணி சூடு, பனியில் விழுந்தால் உருக்கிவிடும் என்று எல்லாரும் கதைக்கிறார்கள்.


ஆற்றளவி – ஏப்ரல் 23

மோசம்தான், ஆனால் எல்லாரும் நினைக்கிற காரணத்தால் இல்லை. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வேண்டும். 10 டிகிரி வெப்பத்தில் 10 மி.மீ. மழை விழுந்தால், அந்தச் சூடு உருக்குவது 1.25 மி.மீ. மட்டும். ஒன்றுமே இல்லை.

உண்மையான வேலையைச் செய்வது ஈரக்காற்று. காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த பனிமேல் பட்டு நீராகும்போது கிராமுக்கு 600 கலோரி அளவு விடும். ஒரு கிராம் ஆவி ஏழு கிராமுக்கு மேல் பனியை உருக்கும். அதனால் மழையோடு வெதுவெதுப்பான ஈரக்காற்று வேகமாக வீசினால்தான் பயப்பட வேண்டும். மேகம் மூடியதால் இரவில் உறையவும் விடாது. மழை நீரும் சேர்ந்துகொள்ளும், ஏற்கெனவே ஊறின பனி அதைத் தாங்காது.

2018 மே மாதம் கிராண்ட் ஃபோர்க்ஸில் நடந்தது இதுவே. அது ஃபிரேசர் இல்லை, கொலம்பியாவுக்குப் போகும் கெட்டில், கிரான்பி ஆறுகள். மலையில் பனி மிக அதிகம், மே தொடக்கத்தில் வெப்பம், அதன்மேல் மழை. 1948 அளவைவிட அரை மீட்டருக்கு மேல் கூடுதலாகத் தண்ணீர் ஏறியது. வடக்கு ரக்கிள் என்ற பகுதியில் வீடுகளை அரசே வாங்கி, மக்களை வேறிடத்துக்கு மாற்றியது. எழுபது வருடம் வராதது எழுபதாவது வருடம் வந்தது.


மாட்ஸ்கி தோட்டம் – ஏப்ரல் 24

நான் மாட்ஸ்கியில் காய்கறி, புளூபெர்ரி பயிர் செய்கிறேன். அக்கம்பக்கம் பெரும்பாலும் பஞ்சாபிக் குடும்பங்கள், எல்லாருக்கும் நிலம் கரைக்கு உள்ளே. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, 2021 நவம்பர் வெள்ளத்தையும் இதையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். அது அமெரிக்கப் பக்கத்து நூக்சாக் ஆறு வழிந்து சுமாஸ் சமவெளியில் புகுந்தது. அந்தச் சமவெளியே 1924இல் வடிக்கப்பட்ட சுமாஸ் ஏரியின் படுகைதான். அந்த ஏரியை நம்பி வாழ்ந்த ஸ்டோலோ என்ற முதல்குடி மக்களைக் கேட்காமலே வடித்தார்கள். இன்றைக்கும் முதல்குடிகளின் குடியிருப்புகள் பல கரைக்கு வெளியே, ஆற்றுப் பக்கமே இருக்கின்றன. நாம் உள்ளே பத்திரமாக இருக்கிறோமா என்று பேசும்போது அவர்களை மறக்கக் கூடாது.

இரண்டு, கரை. 1968இல் மத்திய, மாகாண அரசுகள் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் இப்போதுள்ள கரைகளில் பலவற்றைக் கட்டினார்கள். 1894 வெள்ளமட்டத்துக்கு மேல் 0.6 மீட்டர் என்பது கணக்கு. ஆனால் 2006இல் புதிதாகக் கணித்துப் பார்த்தபோது, அதே வெள்ளம் இன்று வந்தால் பல இடங்களில் கரைக்கு மேலே போகும் என்று தெரிந்தது. அதற்கப்புறம் சில இடங்களில் உயர்த்தியிருக்கிறார்கள், எல்லா இடத்திலும் இல்லை. வாங்கப்போகும் வீட்டுக்கு எதிரே உள்ள கரை எந்த நிலையில் இருக்கிறது என்று நகராட்சிப் பொறியியல் அலுவலகத்தில் நேரே போய்க் கேளுங்கள் தம்பி. சொல்வார்கள்.


வெடர்கரை – ஏப்ரல் 24

அக்கா, அண்ணா எல்லாருக்கும் நன்றி. இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. ஒரு கேள்வி: தினமும் எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? அறிக்கையில் "இயல்பில் இத்தனை சதவீதம்" என்று போடுகிறார்களே, அது எத்தனையைத் தாண்டினால் ஆபத்து?


ஆற்றளவி – ஏப்ரல் 25

அந்தச் சதவீதத்தில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். அதற்கு முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த மாகாணத்தில் 1935 முதல் பனி அளக்கிறார்கள். அலுமினியக் குழாய் ஒன்று, துண்டுதுண்டாகத் திருகி நீட்டலாம், முனையில் பல் வெட்டியிருக்கும். அதைத் திருகித் திருகித் தரைவரை இறக்குவார்கள். வெளியே எடுத்ததும் முதலில் முனையைப் பார்ப்பார்கள். அடியில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தால்தான் தரையைத் தொட்டது என்று அர்த்தம், இல்லாவிட்டால் மறுபடி குத்த வேண்டும். அந்த மண்ணைக் கத்தியால் தட்டிவிட்டு, பனியோடு குழாயை வில்தராசில் தொங்கவிடுவார்கள். தராசு நேராக நீரின் உயரத்தையே காட்டும். ஆழம் இங்கே பெரிய விஷயமில்லை, எடைதான் பேசும். ஏப்ரலில் மூன்று மீட்டர் பனி ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீராக இருக்கலாம், புதுப்பனி மூன்று மீட்டர் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆள் போக முடியாத இடங்களில் உறையாத திரவம் நிரப்பிய பெரிய பையைத் தரையில் விரித்து, மேலே சேரும் பனியின் அழுத்தத்தைக் கருவியே அளந்து அனுப்பும்.

இந்த அளவுகளை மாகாண ஆற்று முன்கணிப்பு மையம் ஜனவரி முதல் மாதந்தோறும் வெளியிடுகிறது. மே 15, ஜூன் 1, ஜூன் 15 அன்றும் வரும். இப்போது உதாரணத்துக்கு ஒரு மலை. ஏப்ரல் 1 அன்று இயல்பு 800 மி.மீ. நீர், இருப்பது 960 என்றால் 120 சதவீதம். ஜூன் 1 அன்று இயல்பே 100 மி.மீ. தான், இருப்பது 250 என்றால் 250 சதவீதம். செய்தித் தலைப்பு இரண்டாவதைத்தான் பெரிதாகப் போடும். ஆனால் மலையில் மிச்சம் இருக்கும் தண்ணீர் ஏப்ரலில் இருந்ததில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். சதவீதத்தை விட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.

அதே சமயம், மே முதல் தேதிக்கும் மே 15-க்கும் நடுவில் மில்லிமீட்டர் குறையவே இல்லை என்றால், அதிலும் தாழ்ந்த நிலையங்களில் குறையவில்லை என்றால், அது 1948-இன் சாடை. அந்த வருடம் மே கடைசி வாரத்து வானிலை அறிக்கையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். முக்கியமாக, மலையில் இரவு வெப்பம்.

ஆற்றுக்கு வந்தால், பிரின்ஸ் ஜார்ஜில் ஏறும் நீர் ஹோப் வந்து சேரச் சில நாள் ஆகும். இணையத்தில் ஹோப் அளவுமானியின் ஓட்டமும் கீழே மிஷன் என்ற ஊரில் உள்ள அளவுமானியின் மட்டமும் மணிக்கு மணி தெரியும். மழை வெள்ளம்போல் தூக்கத்தில் வந்து கதவைத் தட்டாது, முன்கூட்டியே தெரியும். இதுதான் இந்த ஆற்றில் நமக்குள்ள பெரிய வசதி. எச்சரிக்கை மூன்று படியாக வரும்: முதலில் நீரோட்டம் அதிகம் என்ற அறிவிப்பு, அப்புறம் வெள்ளக் கண்காணிப்பு, கடைசியில் வெள்ள எச்சரிக்கை. வெளியேறச் சொல்லி ஆணை போடுவது நகராட்சி. அதற்கு முன்னால் "தயாராக இருங்கள்" என்று ஒரு அறிவிப்பு வரும். அம்மாவுக்கு நடக்கச் சிரமம் என்கிறீர்கள், அப்படியானால் உங்கள் வீட்டுக்கு அந்த "தயாராக இருங்கள்" என்பதே ஆணை. அன்றே கிளம்பிவிடுங்கள்.


சறேக்காரன் – ஏப்ரல் 25

விளக்கத்துக்கு நன்றி. நான் இன்னும் வாங்கலாம் என்றுதான் சொல்லுவேன், ஏனென்றால் ரிச்மண்ட், டெல்டா எல்லாம் கரைக்கு உள்ளே தாழ்நிலம்தான், லட்சக்கணக்கான சனம் இருக்கிறது. எல்லாரும் மலையில் போய் இருக்கேலாது. ஆனால் காப்புறுதியை வடிவாகப் பாருங்கோ தம்பி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் "வீட்டுக் காப்புறுதி இருக்கு" என்று நம்பி இருந்தது. தண்ணி வந்த பிறகுதான் அது குழாய் உடைஞ்சால் மட்டும் என்று சொன்னார்கள். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதேல்லை, பத்திரத்தை வாசிக்காமல் விட்டது பெரிய அநியாயமாய்ப் போச்சு.


மாட்ஸ்கி தோட்டம் – ஏப்ரல் 25

அண்ணன் சொன்னது ரொம்ப முக்கியம். தரைமேல் ஓடிவரும் வெள்ளத்துக்கான காப்பீடு கனடாவில் வீடுகளுக்குக் கிடைக்க ஆரம்பித்ததே 2015 வாக்கில்தான். ஆபத்து அதிகமான சமவெளியில் பல இடங்களில் தரவே மாட்டார்கள், தந்தாலும் கட்டணம் அதிகம். கழிவுநீர் பின்வாங்கி வருவது தனி, நிலத்தடியிலிருந்து ஊறி வருவது தனி. மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

பேஸ்மென்ட் வேறு இருக்கிறது என்கிறீர்கள். எங்கள் பக்கம் கரை உடையாமலே பேஸ்மென்டில் தண்ணீர் வரும். ஆறு உயர்ந்து நின்றால் எங்கள் வயல் வாய்க்கால் மழையில்லாமலே நிறையும்.


வெடர்கரை – ஏப்ரல் 26

கரை உடையாமலே எப்படி அக்கா? அப்படி வந்தால் அது கரை உடையப் போவதன் அறிகுறியா?


ஆற்றளவி – ஏப்ரல் 26

நான் முன்பு "வாரக்கணக்கில் நிற்கும்" என்று சொன்னது இதற்காகத்தான். மழை வெள்ளம் சில மணி நேரம், ஒரு நாள் கரையை முட்டிவிட்டுப் போய்விடும். பனிப்பெருக்கு மே கடைசியிலிருந்து ஜூன் வரை முட்டிக்கொண்டே நிற்கும். கரை மண்ணும் அதன் கீழே உள்ள மணல் அடுக்கும் மெல்ல மெல்ல ஊறும். ஆற்றுமட்டம் உங்கள் தரையைவிட உயரம் என்பதால் நீர் அடியில் நுழைந்து உள்பக்கம் எழும்பும். பேஸ்மென்டில் வரும் தண்ணீர் பெரும்பாலும் இதுதான். அதுவே கரை உடையும் அறிகுறி இல்லை. நீர் இறைக்கும் பம்ப் ஒன்றும், மின்சாரம் போனால் ஓட பேட்டரி ஒன்றும் இருந்தால் சமாளிக்கலாம். அம்மாவின் அறையை மட்டும் பேஸ்மென்டில் வைக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. கரையின் உள்பக்க அடிவாரத்தில், புல்லுக்கு நடுவே, சின்ன ஊற்று மாதிரி நீர் கொப்பளிக்கும். குனிந்து பாருங்கள். நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் வெறும் கசிவு, இடத்தைக் குறித்துவைத்துச் சொல்லிவிட்டால் போதும். நீரோடு மணல் வந்து, வாயைச் சுற்றி எரிமலை வடிவில் சின்ன மேடு கட்டினால், கரைக்கு அடியிலிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்த நிமிடமே நகராட்சிக்குச் சொல்லுங்கள், நள்ளிரவானாலும் சரி.

அந்த வாயை மூட்டை போட்டு அடைக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் பலர் அதைத்தான் செய்வார்கள். அடைத்தால் நீர் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். பயிற்சி பெற்ற ஆட்கள் ஊற்றைச் சுற்றி வட்டமாக மண்மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரை ஏறவிடுவார்கள். ஏறின தண்ணீரின் எடை கீழிருந்து வரும் அழுத்தத்தைத் தணிக்கும், வேகம் குறையும், மணல் வருவது நிற்கும், தெளிந்த நீர் மட்டும் வழிந்துகொண்டிருக்கும். வழியட்டும், அதை வாய்க்காலில் விட்டுவிட்டுக் காவல் இருப்பார்கள்.

வீடு பார்க்க மறுபடி போகும்போது, வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். எதிரே உள்ள கரையின் உள்பக்க அடிவாரத்தில் ஒரு நடை நடங்கள். மரவேர், விலங்கு தோண்டிய வளை, நிரந்தரமாகச் சதசதவென்று இருக்கும் இடம், பழைய மணல் மேடு ஏதாவது இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.


நெடுஞ்சாலை97 – ஏப்ரல் 26

வரும் வாரம் மறுபடி வடக்கே போகிறேன். கெனெல் பக்கம் மலைப்பனிக் கோடு எங்கே நிற்கிறது, ஓடைகள் காலையில் எப்படி ஓடுகின்றன என்று பார்த்து இதே இழையில் எழுதுகிறேன்.